செண்பகவல்லிக்குக் குளிர் ஒத்துக்காது

அண்ணாச்சி, அந்தச் சன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுங்களேன். எனக்கு ஒண்ணுமில்லை, நான் காத்துக்கும் மழைக்கும் பழகுன உடம்பு. மின்வாரியத்துல கம்பத்தடியிலயே காலத்தை ஓட்டுனவன். என் வீட்டுக்காரி செண்பகவல்லிக்குத்தான் குளிர் ஒத்துக்காது. அவ எங்கேன்னு பாக்கீங்களா? அவ இந்த வண்டியில இல்லை, மேல கோத்தகிரியில இருக்கா. ஆனாலும் பழகிப்போச்சு பாருங்க. வண்டியில ஏறுனதும் சன்னலைச் சாத்துனாத்தான் எனக்கு உட்கார முடியும்.

ரொம்ப உபகாரம். நீங்க இந்தப் பக்கத்து ஆளா? அதான் வெறும் சட்டையோட வாரீங்க. நான் கோவில்பட்டி. பேரு பூவநாதன். எங்க ஊர்ல குளிர்ன்னா பேப்பர்ல படிச்சாத்தான் உண்டு. இப்ப எதுக்கு இந்த மஃப்ளர்ன்னா, அவ பாத்தா நாமளும் கட்டிக்கிடணும்னு அவளுக்குத் தோணும்லா, ஒரு முன்மாதிரிக்கு. மேட்டுப்பாளையத்துலயே கட்டிட்டேன்.

அவளைக் கூட்டிட்டுப் போகத்தான் போறேன். என் கொழுந்தியா உலகம்மா கோத்தகிரியில டீச்சரா இருந்து ரிட்டயர் ஆகி அங்கேயே வீட்டைக் கட்டிட்டு இருக்கா. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கிடலை. அவ வீட்டுக்கு ஒரு வாரம் போயிட்டு வாரேன்னு சித்திரையில கிளம்புனா என் வீட்டுக்காரி. இப்ப ஆடி பொறக்கப்போகுது. ஒரு வாரம்னா எங்க ஊர்ல ஏழு நாள்தான் அண்ணாச்சி, மலைக்கு மேல எப்படியோ தெரியலை. சாயங்காலம் நாலு மணி வண்டிக்கு ரெண்டு பேரும் இறங்கிருவோம். வருவாளான்னா கேக்கீங்க? வராம? அவளா இதைச் செய்யலை. எல்லாம் அந்தக் கப்பல் பண்ணுன வேலை.

கப்பல்தான். அலாஸ்காவுக்குப் போச்சே, அந்தக் கப்பல். அமெரிக்காவுக்கும் மேல, உலகத்து உச்சியில. எங்க மகன் கதிரேசன் சியாட்டில்ல இருக்கான். போன ஆவணியில எங்களைக் கூப்பிட்டு, அம்மாவும் நீங்களும் ஒரு வாரம் கப்பல்ல போயிட்டு வாங்க, மலையும் பனியாறும் பாக்கலாம்னான். பனியாறுன்னா கிளேசியர். ஆறுன்னு பேரு, ஆனா நிக்கும். ஓடுதுன்னு சொல்லுதாங்க, நம்ம கண்ணுக்குத் தெரியாதாம். கண்ணுக்குத் தெரியாம ஓடுறதைப் பாக்க எதுக்குடா அம்புட்டுத் தூரம் போகணும்னு கேட்டேன். அம்மாவுக்கு ஆசைப்பா அப்படின்னான். அவளுக்கு ஆசையா? என்கிட்ட சொன்னதே இல்லை.

முதல்ல அவ உடம்பைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். அது தெரியாம இந்தக் கதை விளங்காது. கல்யாணம் ஆன புதுசுல கொடைக்கானல் போனோம். மூணு நாளுக்குன்னு போனோம். முதல் நாளே ஏரியில படகுல போகணும்னா. நானும் சரின்னு ஏறிட்டேன். மேகம் வந்து அப்படியே மேல இறங்குது, இவ கையை வேற தண்ணியில விட்டு அளைஞ்சிட்டு வாரா. அன்னைக்கு ராத்திரி பிடிச்சுது பாருங்க காய்ச்சல், கம்பளியை மேல போட்டும் கட்டில் ஆடுது. ரெண்டு நாள் ரூமை விட்டு அசைய முடியலை. ஊருக்கு வந்து அம்மாகிட்டச் சொன்னா, அம்மா ஒரே பேச்சுல சொல்லிட்டா, இந்தப் பிள்ளைக்குக் குளிர் ஒத்துக்காதுடான்னு.

காய்ச்சல் யாருக்கா? காய்ச்சல் எனக்குத்தான். ஆனா அது அவளால வந்துதுல்லா.

அன்னையிலிருந்து நான் அவளைக் கண்ணுல வச்சிப் பாத்துக்கிட்டேன். மார்கழியில வெந்நி இல்லாம குளிச்சதே இல்லை அவ. ஃபிரிட்ஜ் வாங்குனோம், ஆனா அந்தத் தண்ணி அவ வாயில பட்டதில்லை. கல்யாண வீட்டுல ஐஸ்கிரீம் கொண்டு வருவான், அவ இலைக்குப் பக்கத்துல வைக்க முன்னால நான் கையை நீட்டி, வேண்டாம்பா, அவளுக்கு ஒத்துக்காதுன்னுருவேன். வேஸ்ட் ஆகக்கூடாதேன்னு என் இலைக்கு வாங்கிக்கிடுவேன். ஆபீஸ்ல காஷ்மீர் டூர் போட்டாங்க, குடும்பத்தோட. நான் மட்டும் போனேன். அவளை அந்தக் குளிர்ல கூட்டிட்டுப் போய் என்னத்துக்கு? இந்தக் கோத்தகிரிக்கே உலகம்மா வருஷா வருஷம் கூப்பிடுவா. போனை நான்தான் எடுப்பேன். அக்காவுக்கு ஒத்துக்காதும்மான்னு சொல்லி வச்சிருவேன். ஒரு நாள் ஒரு பொழுது அவ எதிர்த்துப் பேசுனது கிடையாது. சரிங்கன்னுருவா. அப்படி ஒரு குடும்பம் எங்க குடும்பம்.

இப்படிப்பட்டவளைப் போய்ப் பனிக்கட்டிக்கு நடுவுல ஏத்தி விடுதான் மகன். சரி, பிள்ளை ஆசைப்படுதான், நாமதான் சூதானமா இருக்கணும்னு கிளம்புனேன். மஃப்ளர், குரங்குத் தொப்பி, கம்பளிக் காலுறை, சுக்கு, திப்பிலி, ஓமம், தைலம், காதுக்குப் பஞ்சு எல்லாம் ரெண்டு செட்டு எடுத்துக்கிட்டேன். கதிரேசன் எங்களுக்குப் பால்கனி வச்ச ரூம் போட்டிருந்தான். கதவைத் திறந்தா நேரா கடல், நேரா மலை. நான் அந்தக் கம்பெனிக்காரனுக்குப் போனைப் போட்டு, அது வேண்டாம்யா, கப்பலுக்கு உள்பக்கமா சன்னலே இல்லாத ரூம் ஒண்ணு குடுன்னு மாத்திட்டேன். அந்தப் பொண்ணு ரெண்டு தடவை கேட்டா, நெசமாவான்னு. எல்லாரும் உள்ள இருந்து வெளிய கேப்பாங்க போல, வெளிய இருந்து உள்ள கேட்ட முதல் ஆள் நான்தானாம். ஏன்னா பொண்டாட்டி மேல அக்கறை உள்ளவன் இங்க ஒருத்தன்தான்னு மனசுக்குள்ள நினைச்சிக்கிட்டேன்.

மகனுக்குக் கோவம். முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டான். அவதான் இருக்கட்டும்டான்னா. கப்பல்ல ஏறி ரூமைத் திறந்து லைட்டைப் போட்டதும், நாலு சுவரையும் ஒரு தடவை சுத்திப் பாத்தா. "கதவு நல்லாச் சாத்துது" அப்படின்னா. அம்புட்டுத்தான். எனக்கு அப்பதான் நிம்மதி.

கப்பல்னா சாதாரணக் கப்பல் இல்லை அண்ணாச்சி, எங்க ஊர் பஜாரைத் தூக்கி உள்ள வைக்கலாம். நான் முதல் நாளே போய் ஜெனரேட்டர் எத்தனை, லோடு எம்புட்டுன்னு ஒரு அதிகாரியைப் பிடிச்சு விசாரிச்சிட்டேன். மறுநாள்லயிருந்து ரெண்டு பக்கமும் மலை. தண்ணியில இருந்து நேரா எழும்பி நிக்கு. நான் காலையில டெக்குக்குப் போய்ப் பாப்பேன். பாத்துட்டு ரூமுக்கு வந்து அவகிட்டச் சொல்லுவேன். அவ கம்பளிக்குள்ள படுத்திருப்பா, எந்திரிச்சு உட்கார்ந்து கேப்பா. மலை இருக்கு, மேல பனி இருக்கு, குற்றால மலைக்கு வெள்ளையடிச்சு விட்ட மாதிரி இருக்குன்னு சொல்லுவேன். மரம் என்ன மரம்ங்கன்னு கேப்பா. மரம்தான், பச்சையா இருக்குன்னு சொல்லுவேன். பறவை உண்டாம்பா. உண்டும்பேன். நான் எதையும் விடாமச் சொன்னேன். அவளுக்கு ஒரு குறை வச்சிரக்கூடாதுன்னு.

சாப்பாட்டு மேசையில எங்களோட ஒரு இலங்கைத் தமிழ் அம்மா உட்கார்ந்தாங்க. கனடாவுல இருந்து வந்தவங்க, பரமேஸ்வரின்னு பேரு, புருஷன் தவறிப்போய்த் தனியா உலகம் சுத்துதாங்க. நல்ல மனுஷிதான், ஆனா வாய் கொஞ்சம் நீளம். வெளியிலை வந்து பாக்கேல்லையோ அக்கான்னு இவளைக் கேட்டாங்க. அவளுக்குக் குளிர் ஒத்துக்காதுங்கன்னு நான் சொன்னேன். அந்தம்மா என்னைப் பாக்கலை, இவளையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. இவ தயிரைப் பிசைஞ்சிக்கிட்டு இருந்தா. தயிரை நான் முன்னமே வெந்நிப் பாத்திரத்துல வச்சுக் குளிர் போக்கி வச்சிருந்தேன்.

ரூம்ல ஒரு டீவி உண்டு. அதுல ஒரு சேனல்ல கப்பல் முகப்புல வச்ச கேமரா காட்டுறது எந்நேரமும் ஓடும். மலை வாரதும் போறதும் அதுல தெரியும். நான் இல்லாத நேரத்துல இவ அதையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா. ஒரு நாள் கேக்கா, அந்த ஐஸ் நீலமா இருக்குமாமே, அப்படியாங்கன்னு. பனிக்கு என்ன நீலம், வெள்ளைதான், டீவியில கலர் செட்டிங் சரியில்லைன்னேன். ரிமோட்டை எடுத்துச் சரிபண்ணியும் காட்டுனேன். அவ கம்பளியை இழுத்து விட்டுக்கிட்டா.

இப்ப வருது விஷயம். பனியாறு பாக்குற நாள். ஒரு குடாவுக்குள்ள கப்பல் நுழைஞ்சு, பனியாறு கடல்ல வந்து முடியுற இடத்துல போய் நிக்கும். அதுக்குத்தான் அம்புட்டுப் பேரும் வந்திருக்கு. விடிஞ்சதும் நான் முகப்புல போய் இடம் பிடிச்சிட்டேன். நல்லாப் பாத்துட்டு வந்து அவளுக்கு விளக்கமாச் சொல்லணும்லா. சுத்தி வெள்ளைக்காரங்க, கிழவன் கிழவி எல்லாம் கையில காப்பியோட நிக்காங்க. காத்து வருது. அது காத்து இல்லை அண்ணாச்சி, யாரோ ஐஸ் பெட்டியைத் திறந்து மூஞ்சிக்கு நேரா நீட்டுன மாதிரி. மூக்கு இருக்கா இல்லையான்னு தொட்டுப் பாத்தேன், விரலுக்கும் தெரியலை மூக்குக்கும் தெரியலை. பல்லு தானா அடிக்கி. பனியாறு இன்னும் கண்ணுலயே படலை, தூரத்துல ஏதோ சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கு.

அப்பதான் எனக்கு அவ ஞாபகம் வந்துச்சு. எனக்கே இப்படி இருந்தா, அவளுக்கு எப்படி இருக்கும்? உடனே இறங்கி ரூமுக்குப் போனேன். அவளைப் பாக்கத்தான் போனேன். ஆனா கதவைத் திறந்ததும் கால் நிக்கலை, கட்டில்ல விழுந்துட்டேன். உடம்பு தீயாக் கொதிக்கி, உள்ள குளிர் ஆட்டுது. அவ எந்திரிச்சு தன் கம்பளியையும் சேத்து என் மேல போட்டா. காதுல பஞ்சு வச்சா, தைலம் தேச்சா, ஃபிளாஸ்க்ல இருந்து சுக்குத் தண்ணி ஊத்திக் குடுத்தா. நெத்தியில கையை வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்துல உட்கார்ந்திருந்தா. அப்படி ஒரு சுகமான கை. பொறவு எந்திரிச்சு, கண்ணாடி முன்னால நின்னு சேலையை நல்லா இழுத்துச் சொருகிக்கிட்டு, கதவுல கையை வச்சிக்கிட்டுச் சொல்லுதா:

"நீங்க படுத்திருங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

எனக்கு வாயில தெர்மாமீட்டர். எடுத்துட்டுப் பேச முன்னால கதவு சாத்தியாச்சு. நல்லாச் சாத்துற கதவு.

அப்படி விட்டுருவேனா? கையெட்டுற தூரத்துல ரிமோட்டு இருந்துச்சு, டீவியைப் போட்டேன். கேமராவுல முகப்பு தெரியுது. ஜனம் எறும்பு மாதிரி நிக்கு. எல்லாம் கறுப்புக் கோட்டு, நீலக் கோட்டு. அதுக்கு நடுவுல புகுந்து புகுந்து ஒரு அரக்குச் சேலை வருது. வந்து கம்பியைப் பிடிச்சிக்கிட்டு எல்லாருக்கும் முன்னால நின்னுட்டா. மேல ஒரு ஸ்வெட்டர், அதுவும் பொத்தான் போடலை. தலையில தொப்பி இல்லை. ஏ செம்பகம், தொப்பி, தொப்பியைப் போடுன்னு டீவியைப் பாத்துக் கத்துதேன். எந்திரிச்சுப் போய் அந்தக் கண்ணாடியைத் தட்டுனேன். காய்ச்சல்காரன் வேற என்ன செய்ய முடியும்?

முதுகுதான் தெரிஞ்சுது. ஆனா அவ முதுகு எனக்குத் தெரியும்லா. கொஞ்சமாவது நடுங்கியிருந்தா கம்பளியோடயே ஓடியிருப்பேன். நடுங்கலை. நிமிர்ந்து நின்னா. அவ அம்புட்டு உயரம்னு எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது அண்ணாச்சி. ஒரு தடவை ரெண்டு கையையும் கம்பிக்கு வெளிய நீட்டி, காத்துல அளைஞ்சா. அவளைத் தாண்டி அந்த ஐஸ் தெரியுது, நீலமா. காய்ச்சல்ல கண்ணு அப்படித்தான் காட்டும்.

வந்தா ஒருவழியா, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சு. கன்னம் ரெண்டும் சிவந்து கிடக்கு. தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருக்கு. ஆனா தும்மல் இல்லை, இருமல் இல்லை. கட்டில் ஓரத்துல உட்கார்ந்து சொல்ல ஆரம்பிச்சா. நான் அவகிட்ட வந்து சொல்லுவேம்லா, அதே மாதிரி. ஆனா அவ நீட்டி நீட்டிச் சொன்னா. அவ அம்புட்டு நேரம் சேந்தாப்புல பேசி நான் கேட்டதே கிடையாது.

"முதல்ல ஒண்ணுமே நடக்கலைங்க. அம்புட்டுக் கூட்டம், ஒரு பேச்சு மூச்சு இல்லை. பொறவு ஒரு வீடு தண்டிக்கு ஒரு துண்டு சாயுது. சத்தமே இல்லாமச் சாயுது. தண்ணியில விழுந்து, தண்ணி எழும்பி, எல்லாம் முடிஞ்ச பொறவுதான் சத்தம் வந்து சேருது. நெஞ்சுல வந்து இடிக்கி."

ஒளி வேகம், ஒலி வேகம், அம்புட்டுத் தூரத்துக்கு அப்படித்தான் பிந்தி வரும்னு நான் படுத்துக்கிட்டே விளக்குனேன். "தெரியும்ங்க" அப்படின்னா. அவ பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படிச்சவ. எனக்கு அது மறந்தே போச்சு. அவளும் ஞாபகப்படுத்துனது இல்லை.

குளிரலையான்னு கேட்டேன். அதுக்கு அவ சொன்ன பதில்தான் இன்னைக்கு வரைக்கும் எனக்குச் செரிக்கலை.

"எனக்குக் குளிரவே இல்லைங்க. ஒரு தடவைகூடக் குளிர்ந்ததில்லை."

கொடைக்கானல்லயான்னு கேட்டேன். அன்னைக்கும் இல்லைன்னா. பின்ன ஏன் இத்தனை வருஷமாச் சொல்லலைன்னேன். கம்பளியை என் காலுக்கு அடியில நல்லாச் சொருகி விட்டுக்கிட்டே, "நீங்க என்னைக்கும் கேட்டதில்லையே. சொல்லத்தான செஞ்சீங்க" அப்படின்னா.

காய்ச்சல்காரனை ஆறுதல்படுத்தணும்னு ஏதோ சொல்லுதான்னு விட்டுட்டேன். இருந்தாலும் எனக்குச் சந்தேகம். கப்பல் டாக்டரை வரச் சொன்னேன். அவர் வந்து எனக்கு ஊசி போட்டார். என்னை விடுங்க, இவளைப் பாருங்க, இவ உடம்புக்குக் குளிர் ஆகாதுன்னு சொன்னேன். அவர் நெஞ்சுல வச்சுப் பாத்து, நாடி பாத்து, இந்த அம்மா உடம்பு முப்பது வயசுப் பொண்ணு உடம்பு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போறார். வெள்ளைக்கார டாக்டருக்கு நம்ம ஊர் உடம்பைப் பத்தி என்ன தெரியும்?

அதுக்குப் பொறவு கப்பல் கரைக்கு வாரவரைக்கும் அவ ரூம்ல இல்லை. வெளிய பரமேஸ்வரி அம்மாவோட நிக்கா. எனக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை, டீவியில பாத்துக்கிட்டு இருக்கேன். சாப்பாட்டு நேரத்துல கஞ்சி எடுத்துட்டு வந்து ஊட்டுவா, என்னெல்லாம் பாத்தான்னு சொல்லுவா. திமிங்கிலம் வாலைத் தூக்கிக் காட்டுச்சாம். மரம் ஸ்ப்ரூஸாம், ஹெம்லாக்காம். பேரு பேராச் சொல்லுதா. ஒரு நாள் பரமேஸ்வரி அம்மாவும் என்னைப் பாக்க வந்தாங்க. ரெண்டு கம்பளிக்குள்ள மூக்கு மட்டும் தெரியக் கிடக்கேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அண்ணை, உங்களுக்கெல்லோ குளிர் ஒத்துவரேல்லை" அப்படின்னாங்க. நான் சிரிச்சிட்டேன். பாவம், ஆள் மாத்திச் சொல்லுதாங்க.

ஊருக்கு வந்தா எல்லாம் பழையபடி ஆயிரும்னு நினைச்சேன். வெந்நி போட்டு வச்சா, பச்சைத் தண்ணியில குளிச்சிட்டு வந்து நிக்கா. ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலோட குடிக்கா. அதெல்லாம்கூட வீட்டுக்குள்ள. தை மாசம் என் தங்கச்சி மக கல்யாணம், பந்தியில உட்கார்ந்திருக்கோம். ஐஸ்கிரீம் வருது. நான் வழக்கம்போலக் கையை நீட்டுதேன். அவ என் கையை மெதுவா ஒதுக்கிட்டு, அந்தப் பையன்கிட்ட, எனக்கு ரெண்டு வைப்பா அப்படிங்கா. பந்தியே திரும்பிப் பாக்கு. எங்க சொந்தக்காரங்க அம்புட்டுப் பேருக்கும் நான் எத்தனை வருஷமாச் சொல்லி வச்சிருக்கேன். என் வார்த்தைக்கு என்ன மரியாதை? அவ நக்கி நக்கித் திங்கா. அன்னைக்கு எனக்கு ஐஸ்கிரீம் இறங்கலை.

சித்திரையில உலகம்மா போன் பண்ணுனா. நான் எடுக்கப் போனேன், அதுக்குள்ள இவ எடுத்துட்டா. வாரேன்டின்னா. நான் பக்கத்துல நிக்கேன், ஒத்துக்காதுன்னு சொல்லச் சொல்லிச் சைகை காட்டுதேன். யாருக்குன்னு கேட்டா. போனை மூடாமக் கேட்டா, உலகம்மா அங்க சிரிக்கது எனக்குக் கேக்குது. மறுநாள் ஒரு சின்னப் பையோட கிளம்பிட்டா. குரங்குத் தொப்பியை எடுத்துக் குடுத்தேன். அது உங்க அளவுங்கன்னு வச்சிட்டுப் போயிட்டா.

கோவில்பட்டியில நான் தனியாத்தான் கிடக்கேன். சமையலுக்கு ஒண்ணும் குறையில்லை, எதிர்த்த மெஸ்ல இருந்து வந்துரும். ஆனா சாயங்காலம் ஆனா கை தானாப் போய்ச் சன்னலைச் சாத்துது. யாருக்குச் சாத்துதேன்? சுக்குக் காப்பி போட்டா ரெண்டு டம்ளர் வந்துருது. அதையும் நானே குடிக்கேன். தினம் காலையில அவளுக்குப் போன் பண்ணுவேன். பண்ணுனதும் குளிருதான்னு கேப்பேன். இல்லைங்கம்பா. அடுத்து என்ன பேசன்னு தெரியாது, வச்சிருவேன். மறுநாளும் அதேதான். உண்மையைச் சொன்னா அண்ணாச்சி, அவ இல்லாம எனக்கு இருக்க முடியலை. வீடு வீடா இல்லை. அதை இந்த வயசுல போன்ல எப்படிச் சொல்லுவீங்க? அதான் குளிருதான்னு கேக்கேன்.

போன வெள்ளிக்கிழமையும் கேட்டேன். லைன் போச்சோன்னு ஹலோ ஹலோங்கேன். பொறவு சொன்னா, "இங்க வந்து என்கூட இருக்கணும்னா வாங்க. என்னைக் கூட்டிட்டுப் போகணும்னா வராதீங்க." கோவமாச் சொல்லலை. குழம்புக்கு உப்புப் பத்தலைன்னு சொல்லுற மாதிரிச் சொன்னா. நான் யோசிச்சுப் பாத்தேன். ரெண்டுக்கும் பஸ் ஒண்ணுதான? ஏறிட்டேன்.

கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன், அதுல மாத்தமில்லை. நாலு மணி வண்டி. பெட்டி ஏன் இம்புட்டுப் பெருசுன்னு பாக்கீங்களா? அது ஒண்ணுமில்லை, வேட்டி நாலு, சட்டை கொஞ்சம், என் பிரஷர் மாத்திரை மூணு மாசத்துக்கு வாங்குனேன். மலையில மருந்துக்கடை எப்படியோ என்னமோ. மெஸ்காரன்கிட்டயும் கணக்கை முடிச்சிட்டுத்தான் வந்தேன், சும்மா ஒரு ஒழுங்குக்கு. கதிரேசன்கூடப் போன்ல சிரிக்கான், அப்பா நீங்க எங்க போறீங்கன்னு உங்களுக்கே தெரியலைன்னு. அவன் கிடக்கான்.

அரவேணு தாண்டியாச்சா? அப்ப வந்துரும். வளைவு ரொம்ப ஜாஸ்தி அண்ணாச்சி இந்த ரோட்டுல. கம்பியெல்லாம் எப்படித்தான் இழுத்தாங்களோ இந்தக் காட்டுக்குள்ள. அவ வர மாட்டேன்னுட்டா என்ன செய்வேன்னா கேக்கீங்க? நீங்களும் அதையே கேக்கீங்க பாருங்க. வர மாட்டேன்னா… வர மாட்டேன்னா, அவளைத் தனியா இந்தக் குளிர்ல விட்டுட்டு நான் எப்படிக் கீழ இறங்குவேன்? ஒரு மனுஷன் செய்யுற காரியமா அது? பாத்துக்கிட ஆள் வேணும்லா. நாலு நாள் இருந்து, அவ உடம்பு எப்படின்னு பாத்துட்டுத்தான் எதையும் முடிவு பண்ணணும். நாலு நாளோ, நாப்பது நாளோ.

என் கை நடுங்குதுன்னு பாக்கீங்களா? வண்டி இந்தக் குலுக்குக் குலுக்குனா நடுங்காம என்ன செய்யும்? நின்னுட்டுதா? எப்ப நின்னுது?

இதுதான் கோத்தகிரியா? இருங்க, பெட்டியைக் கொஞ்சம் பிடிங்க. அந்தா நிக்கா பாருங்க, அந்த டீக்கடைக்குப் பக்கத்துல, பச்சைச் சேலை. அவதான் செம்பகம். வாரேன்னு நான் சொல்லவே இல்லை, உலகம்மாகிட்ட கதிரேசன் சொல்லியிருப்பான். இந்தக் குளிர்ல வெறும் தோளோட நிக்கா பாருங்க, செருப்புகூட ரப்பர் செருப்பு. கையில என்ன அது? சால்வை. பெரிய சால்வை, ஆம்பிளைங்க போத்துற தண்டிக்கு. அம்புட்டுப் பெரிய சால்வையைக் கையில விரிச்சுப் பிடிச்சிக்கிட்டு, போத்திக்கிடத் தெரியாம நிக்கா. இதுக்குத்தான் அண்ணாச்சி, அவளுக்குப் பக்கத்துல நான் இருக்கணும்ங்கேன்.